டிராக்டரின் எண்ணெய் அமுக்கமானியும் அதன் கோளாறுகளும்

பழைய டிராக்டர்களைக் கொண்டு சாகுபடி செய்யும் நிலச்சுவான்தார்களுக்கும், கூட்டுறவுச் சங்க டிராக்டர்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகஸ்தர்களுக்கும் அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. சேற்றுழவு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். முறைத் தண்ணீர் மறுநாள் காலையில் அடுத்த மடைக்குப் போய்விடும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சமயம் பார்த்து எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள் சரேலென்று பூஜ்யத்தில் வந்து விழும். "மீட்டர்தான் கெட்டிருக்கும் ஐயா, என்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார் ஓட்டி. அவர் கூறுவது மெய்யாகவும் இருக்கலாம். மெய்யல்லவெனில், சில நிமிஷங்களுக்குள் பேரிங்குகள் உருகி, கிராங்க் தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். முன்னதற்கு ஒரு சிறு குழாயோ ஒரு மீட்டரோ மாற்றினால் தீர்ந்தது. பின்னதற்கு என்ஜினை முழுவதும் பிரித்தாக வேண்டும். அந்தப் போகமும் தவறிப்போகும். ஆகையால் முள் விழுந்தவுடன் என்ஜினை நிறுத்திவிடவேண்டும். மீட்டரின் குற்றமா, என்ஜினின் குற்றமா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்கப்பால்தான்.

அமுக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால் ஆராய்ச்சி எளிதாகும். என்ஜினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை, பற்சக்கரத்தால் சுழலும் பம்பு ஒன்று சல்லடை வழியாக உறிஞ்சி, பில்டரின் மூலம் பிரதான எண்ணெய் வழிக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், கனெக்டிங் ராடுகளுக்கும், மேலேயுள்ள ராக்கர்களுக்கும் பிரிந்து செல்கிறது. பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மயிரிழை போன்றது. அதன் வழியே எண்ணெய் எளிதில் தப்ப முடியாமையால்தான் அமுக்கம் ஏற்படுகிறது. வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் நீர்மட்டம் இறங்குவதுபோல, பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் அமுக்கம் குறையும். அமுக்கம் எல்லை மீறாதபடி, ரிலீப் வால்வு என்னும் சுருள்வில் அடைப்பான் மிகுதியான எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

சென்னையில் 1960-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் டிராக்டர்கள் நம் ஜில்லாக்களில் இன்றும் பல ஓடுகின்றன. அவ்வகை டிராக்டர்களிலுள்ள மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீஸல் என்ஜின், நன்கு சூடேறி முழு வேகத்தில் ஓடும்போது, சதுர அங்குலத்திற்கு 30 முதல் 60 ராத்தல் வரை அமுக்கம் காட்டவேண்டும். மெதுவாக ஓடும்போது இதனினும் வெகுவாகக் குறைவது இயல்பே. காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கையில் முள் உயர ஏறி நிற்பதும், பகலில் இறங்குவதும் கோளாறல்ல. வேறு என்ஜின்களுக்கு அவற்றின் கைப்புத்தகமே பிரமாணம். இங்கு ஒரு சிறு எச்சரிக்கை: பழைய மீட்டர்கள் ராத்தல் கணக்கிலும், பிற்காலத்தில் வாங்குபவை பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் கணக்கிலும் இருக்கும். 40 என்ற எண்ணைப் பார்த்துப் பழகிய ஓட்டி, மீட்டர் மாற்றியபின் 3-க்குச் சற்றுக் கீழே முள் நிற்பதைக் கண்டு திகிலடைவதுண்டு. அவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

அமுக்கமானியில் இரு வகை உண்டு. முதலாவது வகையில், என்ஜினிலிருந்து மெல்லிய செம்புக் குழாயோ நைலான் குழாயோ எண்ணெயையே மீட்டர் வரை கொண்டுவருகிறது. மீட்டருக்குள் வளைந்து தட்டையான பித்தளைக் குழல் ஒன்று இருக்கும். அமுக்கம் ஏறினால் குழல் சிறிது நிமிர்ந்து முள்ளைத் திருப்பும். பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்தோன் 1849-இல் உரிமை பெற்ற இந்த உபாயம் இன்றளவும் மாறவில்லை. இரண்டாவது வகையில் மீட்டர் வரை எண்ணெய் வருவதில்லை. என்ஜினில் திருகப்பட்ட சென்டர் என்னும் சிறு உறுப்பு அமுக்கத்திற்கேற்ப மின்தடையை மாற்றும்; ஒரு கம்பி அதை மீட்டருக்குத் தெரிவிக்கும்.

சோதனையை அளவுக்கோலிலிருந்து தொடங்கவேண்டும். டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் கீழிறங்குவதற்குச் சில நிமிஷம் பொறுத்துக் கோலை உருவிப் பார்க்கவேண்டும். மட்டம் குறைந்திருந்தால் காரணத்தை மேலும் தேடிப் போகவேண்டியதில்லை. எண்ணெய் எங்கே கசிந்தது என்பதையே தேடவேண்டும். மட்டம் முன்னிருந்ததைவிட உயர்ந்திருந்தால் சந்தோஷப்படலாகாது. கோலில் டீஸல் வாடை வீசினால், எரிபொருள் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கிறது. எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் தோன்றினால், தண்ணீர் புகுந்திருக்கிறது. இவ்விரண்டிலும் அமுக்கம் உண்மையாகவே குறையும். என்ஜினை ஓட்டவே கூடாது.

எண்ணெய் ஒழுங்காக இருந்தால், குழாய் வகை மீட்டரில் அடுத்த சோதனை சுலபமானது. மீட்டரின் பின்புறமுள்ள நட்டைக் கழற்றிக் குழாயின் நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, என்ஜின் பற்றிக்கொள்ளாதபடி நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றவேண்டும். எண்ணெய் தாராளமாக வந்தால் குழாயில் அடைப்பில்லை. வராவிட்டால், குழாயை என்ஜின் பக்கத்திலும் கழற்றி அதே சோதனையைச் செய்யவேண்டும். அங்கே வந்து இங்கே வராவிடில் குழாய் நசுங்கியோ அடைந்தோ இருக்கிறது. அங்கும் வராவிடில் மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

எண்ணெய் வருவதொன்றே போதிய அத்தாட்சி ஆகாது. அது எவ்வளவு அமுக்கத்துடன் வருகிறது என்பதைப் பாட்டில் சொல்லாது. ஆகவே நல்ல நிலையிலுள்ள வேறொரு மீட்டரை, தகுந்த மரையுள்ள இணைப்புடன், என்ஜினில் நேராகப் பொருத்திப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று டிராக்டர்கள் உள்ள சங்கம் இதற்கென்றே ஒரு மீட்டரைத் தனியே பூட்டி வைத்திருப்பது நலம். சோதனை மீட்டர் சரியான அமுக்கத்தைக் காட்டினால் பழைய மீட்டர்தான் பொய் சொல்லியது. என்ஜின் நின்றபின்னும் முள் 10-லோ 15-லோ தங்கி நிற்கும் மீட்டரின் பித்தளைக் குழல் அளவு மீறி விரிந்துபோனது. அதைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே சிக்கனம்.

மின்சார வகையில், சென்டரின் கம்பியைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கும், அக்கம்பியின் நுனியை என்ஜினின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொட்டால் மறு கோடிக்கும் போகவேண்டும். அவ்வாறு போனால் மீட்டரும் கம்பியும் பெரும்பாலும் குற்றமற்றவை, சென்டரைச் சந்தேகிக்கலாம். முள் அசையாவிடில் கம்பியையும் பியூஸையும் பார்க்கவேண்டும். டீஸல் மீட்டரும் வெப்ப மீட்டரும் கூடவே தாறுமாறாகக் காட்டினால், குற்றம் அவற்றுக்குப் பொதுவான மின்சார இணைப்பில் இருக்கும். கசிவை நிறுத்த எண்ணிச் சென்டரின் மரையில் டேப்பைக் கனமாகச் சுற்றிவிட்டால் அதற்கு எர்த் கிடைக்காமல் போவதுண்டு. புதிய சென்டர் மாட்டியும் முள் அசையவில்லை என்று வரும் முறையீடுகளில் இதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

சோதனை மீட்டரும் குறைவாகவே காட்டினால் குற்றம் என்ஜினில்தான். முள் துள்ளித் துள்ளி ஆடினால், அல்லது வரப்பேறும்போது மட்டும் விழுந்தால், பம்பு காற்றை உறிஞ்சுகிறது. எண்ணெய் மட்டம் குறைவு, அல்லது உறிஞ்சும் குழாயின் இணைப்பு தளர்ச்சி. திடீரென விழுந்தால் ரிலீப் வால்வில் தூசி சிக்கித் திறந்தே நிற்கலாம். பம்பை ஓட்டும் உறுப்பு முறிந்திருக்கவும் கூடும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக இறங்கி, சூடேறிய பின் மெதுவாக ஓடும்போது முள் கீழே படுத்தால், அது பேரிங்கின் அல்லது பம்பின் தேய்மானம்.

இந்தத் தேய்மானத்தை மறைக்க ரிலீப் வால்வின் சுருள்வில்லுக்குப் பின்னால் வாஷர்களை அடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மெதுவாக ஓடுகையில், அமுக்கம் குறைந்துள்ள அந்த நிலையில், வால்வு முன்னமே மூடித்தான் இருக்கிறது. மூடிய மடைக்கு மேலும் ஒரு பலகை வைத்து என்ன பயன்? உடைப்பு வேறிடத்தில் அல்லவா இருக்கிறது! வாஷர் வைப்பதால் வேகமாக ஓடும்போது முள் உயர்ந்து கண்ணுக்கு அழகாகத் தெரியும். குளிர்ந்த காலையில் பில்டரும் குழாய்களும் அளவு மீறிய அமுக்கத்தைத் தாங்க நேரும். கனத்த எண்ணெயை ஊற்றி முள்ளை உயர்த்துவதும் ஏறக்குறைய இத்தகையதே. அறுவடை முடியும் வரை சமாளிக்க அது உதவலாம், சிகிச்சையாகாது.

கெட்ட மீட்டரைக் கழற்றி, புதியது வரும் வரை குழாயின் நுனியை இடுக்கியால் நசுக்கி மடித்துவிடுவோரும் உளர். உழவின் அதிர்ச்சியில் அந்த மடிப்பு விண்டுபோனால், அமுக்கத்திலுள்ள எண்ணெய் முழுவதும் அந்தத் துவாரத்தின் வழியே வெளியேறிவிடும். முள்ளும் இல்லாமையால் ஓட்டிக்குத் தெரிய வழியில்லை. குழாயை என்ஜினிலேயே கழற்றி, அந்தத் துவாரத்தைச் சரியான மரையுள்ள பிளக்கினால் இறுக மூடவேண்டும். அந்த நிலையிலும் டிராக்டரைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்தலாமேயன்றி, உழவுக்கு விடலாகாது.