யூத சமூகத்தின் பண்டிகைகள்: கொண்டாட்டம், கல்வி, ஈகை



யூதப் பண்டிகைகளை விளக்குமாறு கேட்டால், பலர் பண்டிகைப் பெயர்களையும் உணவுகளையும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அது அரைவாசி விடையே ஆகும். யூதப் பண்டிகையில் கொண்டாட்டம், கல்வி, ஈகை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஏழைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை ஒதுக்கித் தருவது சட்டம். அச்சட்டத்தை மறக்காமற் காப்பது கல்வி. இத்தொடர்பையே நீங்கள் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. பின்னணி

கி.பி. 70 இல் உரோமப் படையினர் ஜெருசலேம் ஆலயத்தை அழித்தனர். ஆலயத்தில் நடைபெற்ற பலி வழிபாடு அத்துடன் நின்றது. அதன் பின்னர் தொழுகைக்கூடமும் வீட்டு உணவு மேசையும் சமய வாழ்வின் மையங்களாயின. தோரா எனப்படும் திருச்சட்டத்தைக் கற்பது அனைவருக்கும் உரிய கடமையாக வலியுறுத்தப்பட்டது. பல நாடுகளிற் சிதறி வாழ்ந்தும் யூதர்கள் தமது அடையாளத்தை இழக்காமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

யூத மாதங்கள் சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. பருவங்களோடு பொருந்தச் செய்வதற்காகச் சில ஆண்டுகளில் ஒரு மாதம் மேலதிகமாகச் சேர்க்கப்படும். ஒவ்வொரு பண்டிகையும் சூரியன் மறையும் வேளையில் தொடங்கும்.

2. பாஸ்கா: பிள்ளையின் வினா

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பண்டிகை இது. இஸ்ரேலில் 7 நாட்களும், ஏனைய நாடுகளில் பொதுவாக 8 நாட்களும் கொண்டாடப்படுகின்றது. அவசரமாகப் புறப்பட்டதால் மா புளிக்க நேரமிருக்கவில்லை என்பதை நினைத்துப் புளியாத அப்பம் உண்பர். கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பையும், உப்பு நீர் கண்ணீரையும் குறிக்கும்.

முதல் இரவு விருந்தில், வீட்டின் இளைய பிள்ளை இந்த இரவு ஏனைய இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகின்றது எனக் கேட்கும். பெரியவர்கள் வரலாற்றைக் கூறி விடையளிப்பர். பிள்ளை கேட்டால்தான் பாடம் தொடங்கும் என்ற இம்முறை கவனிக்கத்தக்கது. விருந்தின் ஆரம்பத்தில், பசித்தவர்கள் வந்து உண்ணலாம் என்ற அழைப்பும் வாசிக்கப்படும். அவ்வழைப்பு வெறுஞ் சொல்லாகப் போகாதபடி, பண்டிகைக்கு முன்னரே ஏழைக் குடும்பங்களின் கோதுமை மாவுக்காக நிதி சேர்க்கும் வழக்கமும் உண்டு.

3. ஷவுவோத்: வயலின் ஓரம்

பாஸ்காவிலிருந்து 7 வாரங்களின் பின் வரும் இப்பண்டிகை, சீனாய் மலையில் தோரா அருளப்பட்டதை நினைவூட்டுகின்றது. பலர் அன்றிரவு முழுவதும் விழித்திருந்து நூல்களைக் கற்பர்.

இப்பண்டிகையில் ரூத்து என்னும் நூலை வாசிப்பது பரவலான வழக்கமாகும். ரூத்து மோவாப் நாட்டைச் சேர்ந்த விதவை. மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்த அவள், போவாசின் வயலிற் கதிர் பொறுக்கி இருவரின் பசியையும் போக்கினாள். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்கக்கூடாது, அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்பது தோராவின் விதி. எனவே அவள் பொறுக்கியது பிச்சையன்று, அவளுக்குரிய பங்கு.

4. பூரிம்: பெறுபவரும் கொடுப்பவரே

பாரசீகப் பேரரசில் யூதர்களுக்கு வந்த அழிவு எஸ்தர் அரசியால் நீங்கியதை இப்பண்டிகை கொண்டாடுகின்றது. இதன் கடமைகள் நான்கு:

(அ) எஸ்தர் நூல் வாசிக்கக் கேட்டல்
(ஆ) நண்பருக்கு உணவுப் பொருட்கள் அனுப்புதல்
(இ) குறைந்தது இரு ஏழைகளுக்குக் கொடுத்தல்
(ஈ) விருந்துண்டு மகிழ்தல்

உதவி பெற்று வாழும் ஏழையும் அன்று பிறருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது விதி. இதனால் எவரும் பெறுபவராக மட்டும் தாழ்ந்து நிற்பதில்லை.

5. ஈகையின் படிகள்

எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்கும் செதாக்கா என்ற சொல், நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஈகை விருப்பமிருந்தாற் செய்யும் இரக்கச் செயலன்று. செலுத்தவேண்டிய கடன் என்பதே இதன் கருத்து. 12 ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் அறிஞருமான மைமோனிடிஸ் ஈகையை 8 படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடன் கொடுத்தோ, தொழிலிற் பங்காளியாக்கியோ, வேலை தேடிக் கொடுத்தோ ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதே முதற்படி.

6. கொச்சி யூதர்கள்: கொண்டாட்டத்திற் கல்வி

இம்மரபு நமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. ஏறத்தாழ கி.பி. 1000 இல் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யூதத் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. தமிழும் ஒருகாலத்தில் எழுதப்பட்ட எழுத்து அது. 1568 இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடம் மட்டாஞ்சேரியில் இன்றும் நிற்கின்றது.

தோராவின் ஆண்டு வாசிப்பை முடித்து, உடனேயே மீண்டும் தொடங்கும் நாள் சிம்ஹத் தோரா ஆகும். கல்விக்கு முடிவில்லை என்பதே அதன் பொருள். அந்நாளிற் கொச்சி யூதர்கள் தோராச் சுருள்களை ஏந்தித் தொழுகைக்கூடத்தின் வெளியேயும் வலம் வந்தனர். பெண்கள் திருமறைக் கதைகளை மலையாளப் பாடல்களாகப் பாடி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிப் பாதுகாத்தனர். இவர்களுட் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பாடல்களும் அவர்களுடன் சென்றன.

நினைவிற் கொள்க

• பாஸ்கா – விடுதலை, பிள்ளையின் வினா, பசித்தவருக்கு அழைப்பு
• ஷவுவோத் – தோரா; இரவுக் கல்வி; கதிர் பொறுக்கும் உரிமை
• பூரிம் – மீட்பு, எஸ்தர் நூல், ஏழையும் கொடுத்தல்

பயிற்சி வினாக்கள்

1. பாஸ்கா விருந்து ஒரு வகுப்பறை போன்றது என்பதை இரு காரணங்களால் விளக்குக.
2. ரூத்து கதிர் பொறுக்கியதை உரிமை எனக் கூறுவது ஏன்?
3. ஒருவருக்குத் தொழில் தேடிக் கொடுப்பதை மைமோனிடிஸ் முதற்படியில் வைத்தமைக்கான காரணத்தை உமது சொந்த நடையில் எழுதுக.