கட்டியங்காரன் பேசும் காலம்

கோடை பிறந்தால் தமிழ் நாடகத்துக்கு இரண்டு களங்களில் பருவம் தொடங்குகிறது: ஒன்று சென்னையின் சபா மேடை, மற்றொன்று, தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டி விடிய விடியக் கூத்து நடக்கும் ஊர்த்திடல். முன்னதுதான் சமகால நகைச்சுவைக்கும் சமூக நாடகத்துக்கும் உரியது என்றும், பின்னது பழைய பாரதக் கதையை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுவது என்றும் படித்தவர்களிடையே ஓர் எண்ணம் உண்டு. புதுச்சேரி வட்டாரத்துக் கரையாம்புத்தூர், பாகூர் பக்கத்தில் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையே ஓர் இரவாவது கண்விழித்துக் கூத்துப் பார்த்தவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சபா நாடகத்தின் பருவத்துக்குக் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பு சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் நடத்திவரும் கோடை நாடக விழா நல்ல சான்று. விழாவுக்கென்றே எழுதி ஒத்திகை பார்த்த புது நாடகங்கள் அங்கே மேடையேறுகின்றன. சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. நடிப்பவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள், அதாவது நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாமல், பகலில் அலுவலகம் போய் மாலையில் வசனம் பாடம் செய்பவர்கள். வீட்டுக் கூடம், சோபா, உள்ளே போக ஒரு வழி, வெளியே போக ஒரு வழி என்ற அளவான அரங்க அமைப்புக்குள் இரண்டு மணி நேரத்தில் கதை முடியும். இந்த மரபின் உயிர் வசனத்தில் இருக்கிறது. 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்'கில் சோ பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தானைத் தேர்தல் அரசியலுக்குள் இறக்கிவிட்டதும், 1979இல் தனிக் குழு தொடங்கிய கிரேஸி மோகன் மாது, சீனு, ஜானகி என்ற பெயர்களை நாடகத்துக்கு நாடகம் மாற்றாமல் வைத்து, சிரிப்பு அடங்குமுன் அடுத்த சிரிப்பை வரவழைத்ததும் அதன் இரு வேறு முகங்கள்.

கூத்தின் பருவத்தை வயலும் வானமும் வகுத்தன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை; திறந்தவெளியில் ஆட முடியாது. சம்பா அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசும் ஆளுக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்போது கோயிலில் கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், அதே கதையின் பகுதிகள் இரவில் கூத்தாக வரும். 'ஜமா' எனப்படும் கூத்துக் குழுவை ஊரார் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து அமர்த்துவார்கள். டிக்கெட் என்ற பேச்சே இல்லை; பாய் கொண்டுவந்து விரித்தவருக்கு இடம்.

கட்டியங்காரன் முதலில் வருவான். அரசனின் வரவை அறிவிப்பவன், விதூஷகன், அரண்மனைச் சேவகன், சில வேளை பார்வையாளர்களின் வழக்கறிஞன் என எல்லாமே அவன்தான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே துரியோதனன் தன் வரவைப் பாடுவான். கிரீடத்தின் உச்சியும், கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிய புஜக்கட்டையின் ஓரமும் மட்டும் விளக்கொளியில் மின்னும். திரை விலகியதும் அரசன் தன் நாட்டு வளத்தைச் செந்தமிழில் அடுக்குவான். கட்டியங்காரன் ஒன்றும் புரியாதவன்போல, அஸ்தினாபுரத்தில் ரேஷன் கடை திறந்திருக்கிறதா, அரிசி போடுகிறார்களா என்ற தினுசில் குறுக்கே கேட்பான். ஏட்டில் இல்லாத இந்தப் பேச்சை அந்தந்த ஊருக்கு ஏற்ப அவனே கட்டிக்கொள்கிறான். சமகால நகைச்சுவை என்பதற்கு இதைவிடப் புதிய சரக்கு எந்தச் சபாவிலும் கிடைப்பது அரிது. அங்கே வசனம் எழுதி முடித்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

இப்படிச் சிரித்த கூட்டமே 'பகடைத் துகில்' கூத்தில் நள்ளிரவுக்குப் பின் கைகூப்பி எழுந்து நிற்கிறது. துச்சாதனனாக ஆடுபவர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொண்ட பிறகே திரௌபதியின் சேலையில் கைவைக்கும் வழக்கம் உண்டு. நகைச்சுவையையும் அவலத்தையும் தனித்தனி நாடகங்களாகப் பிரிக்காமல் ஒரே இரவில் அடுத்தடுத்து வைப்பது கூத்தின் துணிச்சல். 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஆடும் ஸ்பெஷல் நாடக மேடையிலும் பபூன் என்னும் கோமாளி கட்டியங்காரனின் வேலையைத்தான் செய்கிறான்.

பழைய கதைக்கு வெளியேயும் கூத்து போயிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கூத்தர்கள் பிரெக்டின் நாடகத்தையும், மார்க்வெஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவனின் கதையையும் கூத்தாக ஆடினார்கள். பாரிஸ் அருகே இயங்கும் தியாத்ர் தூ சொலெய் குழு, ஆரியான் முனூஷ்கின் தலைமையில் 2016இன் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கி ஒரு புதிய நாடகத்துக்கான பணியைத் தொடங்கியது. புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் அதன் நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் அந்த நாடகம் 2016 நவம்பரில் பாரிஸிலும், அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கிலும் நடந்தது. இயக்குநர் ஓடிப்போய்விட, இந்திய ஊரொன்றின் அறையில் மாட்டிக்கொண்ட உதவி இயக்குநர், கைவசம் கதையே இல்லாமல் நாடகம் தயாரிக்கத் தவிப்பதுதான் அதன் வேடிக்கை. அவளுடைய கனவுக்குள் திரௌபதியும் கர்ணனும் நுழையும் இடங்களில், புஜக்கட்டையும் கிரீடமும் பூண்ட அயல்நாட்டு நடிகர்கள் தமிழிலேயே பாடி ஆடினார்கள்.