நச்செச்சப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை

பயிருக்குத் தெளிக்கப்படும் பூச்சிநாசினி, பூச்சி மடிந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. வெயிலாலும் மழையாலும் பயிரின் வளர்ச்சியாலும் அது நாளடைவிற் குறைந்து செல்லும். போதிய நாட்கள் கழியுமுன் அறுவடை செய்தால், அதன் ஒரு பகுதி காயிலும் நெல்மணியிலும் எஞ்சிநிற்கும். இவ்வெச்சத்தை அளப்பதற்கே ஆய்வுகூடப் பரிசோதனை செய்யப்படுகின்றது. உண்பவரின் உடல்நலமும் பயிர் செய்தவரின் நற்பெயரும் அதன் முடிவிலே தங்கியுள்ளன. எனினும் ஆய்வுகூடம் தன்னிடம் வந்த மாதிரியைப் பற்றி மாத்திரமே கூறவல்லது. மாதிரி பிழையாயின் முடிவும் பிழையாகும்.

தெளிக்கும் மருந்து எல்லாச் செடிகளிலும் ஒரே அளவாக விழுவதில்லை. ஆகவே வரம்போரச் செடிகளில் மாத்திரம் காய் பறித்தல் கூடாது. தோட்டம் முழுவதும் நடந்து, பல இடங்களிலும், செடியின் மேற்பாகத்திலும் கீழ்ப்பாகத்திலும் பறித்தல் வேண்டும். நல்ல காய்களை மட்டும் தெரிந்தெடுத்தலும் தவறாகும். போஞ்சி, மிளகாய் போன்ற சிறிய காய்களில் 1 கிலோகிராம் போதுமானது. தக்காளி, கத்தரி போன்றவற்றிற் குறைந்தது 10 காய்கள், 1 கிலோகிராமுக்குக் குறையாமல் தேவை. கோவா, பூசணி போன்ற பெரியவற்றிற் குறைந்தது 5, 2 கிலோகிராமுக்குக் குறையாமல் வேண்டும். நெல்லாயின் பல மூடைகளின் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து, அதில் 1 கிலோகிராம் அனுப்பலாம்.

மாதிரியைக் கழுவுதலும், தோலுரித்தலும், வெட்டுதலும் ஆகா. கழுவினால் மேற்புறத்திலுள்ள எச்சம் நீரோடு போய்விடும். வெட்டினால், மங்கோசெப் போன்ற சில மருந்துகள் காயின் சாறு பட்டுச் சிதைந்துவிடும். கோவாவில் அழுகிய, வாடிய இலைகளை மாத்திரம் நீக்கலாம். கரட் போன்ற கிழங்குகளில் ஒட்டிய மண்ணை மெதுவாகத் தட்டிவிட்டாற் போதும்.

எச்சம் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் எனக் கணக்கிடப்படும். ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிலோகிராமிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். ஆதலால் மருந்து கலந்த கையினாற் பறித்தாலும், பழைய உரப் பையில் இட்டாலும் மாதிரி கெட்டுவிடும். புதிய, சுத்தமான பொலித்தீன் பையையே பயன்படுத்தல் வேண்டும். பயிரின் பெயர், இடம், பறித்த திகதி, கடைசியாகத் தெளித்த மருந்து, தெளித்த திகதி ஆகியவற்றை எழுதி இணைத்தல் வேண்டும். மரக்கறி மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புதல் நன்று. அது தாமதமாயின் உறையச்செய்து வைத்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் மாதிரியை நறுக்கி, அரைத்து, நன்கு கலந்து, பெரும்பாலும் 10 அல்லது 15 கிராம் மாத்திரமே பரிசோதனைக்கு எடுப்பர். மங்கோசெப் போன்றவற்றுக்கு அரையாத துண்டுகளே எடுக்கப்படும். இச்சிறு பங்கே முழுத் தோட்டத்துக்கும் சாட்சி கூறுகின்றது. தெளித்த மருந்தை மறைப்பதாற் பயனில்லை. உள்ளதைக் கூறினால், எதைத் தேடவேண்டுமென்பது ஆய்வாளருக்கு விளங்கும்.

மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்டுள்ள நாட்கள் கழிந்த பின்னரே அறுவடை செய்யும் கமக்காரர், நேர்மையான மாதிரியைக் கொடுக்க அஞ்சவேண்டியதில்லை. அவருடைய விளைச்சலுக்கு அதுவே சிறந்த அத்தாட்சியாகும்.