மூளை முடக்குவாதம்: பெயர் ஒன்று, வகைகள் பல



மணலி புதுநகரிலிருந்து குழந்தையை இடுப்பில் சுமந்து வரும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள்: "ஐயா, இது போலியோவா? நாங்கள் செய்த பாவமா?" இரண்டும் அல்ல.

போலியோ தண்டுவட நரம்புகளைத் தாக்கும்; கால் துவண்டு மெலியும். சொட்டு மருந்தின் பயனாக 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. மூளை முடக்குவாதமோ, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பிறந்த ஆரம்ப நாட்களிலோ வளரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தால் வருவது. அது தொற்றாது; சேதம் நாளுக்குநாள் பெருகுவதுமில்லை. ஆனால் பயிற்சியின்றி விட்டால் தசைகள் சுருங்கி மூட்டுகள் மடங்கிவிடும்.

எல்லாக் குழந்தைகளும் ஒரேவிதமாகப் பாதிக்கப்படுவதில்லை.

இறுக்க வகை: பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு இதுவே. தசைகள் விறைத்திருக்கும். ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பாதிக்கப்படலாம். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எதற்கும் ஒரே கையை நீட்டுவது இதன் அறிகுறி. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இரு கால்களும் அதிகம் பாதிக்கப்படலாம். நடக்கையில் கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். கைகால் நான்கும் பாதிக்கப்பட்டால் விழுங்குவதும் கடினம்.

அசைவு வகை: கை, கால், முகம் தானாக முறுக்கி அசையும். பேச்சு குழறும், எச்சில் வழியும். பிறந்த நாட்களில் கடுமையாகும் மஞ்சள் காமாலை இதற்கு ஒரு காரணம். காலத்தே நீல ஒளியின்கீழ் வைத்துச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

தள்ளாட்ட வகை: அரிதானது. உடல் சமநிலை தவறும். பொருளை எடுக்கக் கை நீட்டினால் நடுங்கும். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தும் வரலாம்.

வகையை அறிந்தால்தான் உதவியைத் தேர்ந்தெடுக்க முடியும். விறைத்த காலுக்குத் தசைநீட்டுப் பயிற்சியும் ஸ்பிளிண்டும் வேண்டும். அசைவு வகைக் குழந்தைக்கோ, உடலைத் தாங்கும் நாற்காலியும் படங்களைக் காட்டிப் பேசும் பலகையும் வேண்டும். இவர்களில் பலருக்கு அறிவு முழுமையாகவே இருக்கிறது. நாக்கு ஒத்துழையாததால் 'ஒன்றும் புரியாத பிள்ளை' என்று வீட்டின் மூலையில் விடப்படுகிறார்கள். இதுவே எங்களை அதிகம் வருத்துகிறது.

1985இல் தொடங்கி, இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனம் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமும் உண்டு. ஆனால் நகரின் வட எல்லையிலிருந்து, வளர்ந்த பிள்ளையைச் சுமந்து பஸ் மாறி மாறி அங்கே போவது ஒரு கூலித் தொழிலாளியின் மனைவிக்கு எளிதல்ல. அன்றைய கூலியும் போய்விடும்.

ஆகவே உங்கள் காணிக்கை ஸ்பிளிண்டாக, நாற்காலியாக, சில நாள் ஆட்டோ கட்டணமாகவும் மாறுகிறது. இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் தெருவில் நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காத குழந்தையைக் கண்டால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று தேற்றி அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தக் குழந்தைகளையும் அவர்களைச் சுமக்கும் தாய்மாரையும் உங்கள் ஜெபங்களில் நினைத்தருளுங்கள்.