பழ ஜெல்லி: டிஃபன் பாக்ஸில் உருகாதது வாயிலும் உருகாது

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. வீட்டுல பழ ஜெல்லி செய்றது எப்படின்னு பேசப்போறோம். "இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு கேக்காதீங்க. நான் மூணு தடவை சொதப்பினேன். மூணுக்கும் காரணம் கெமிஸ்ட்ரிதான். கடைசியில ஒரு எச்சரிக்கையும் இருக்கு. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா அதுவரைக்கும் கண்டிப்பா இருங்க.

போன மே மாசம் புதுக்கோட்டை வீட்டுலதான் இருந்தேன், வொர்க் ஃப்ரம் ஹோம். அக்காவும் அக்கா பையனும் லீவுக்கு வந்திருந்தாங்க. பையனுக்கு மூணரை வயசு. தெருமுனைக் கடையில தொங்குற கலர் ஜெல்லி கப்பைப் பார்த்தா அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். அக்கா என்னைப் பார்த்து, "இன்ஜினியரிங் படிச்சவன்தானேடா, வீட்டுலயே செஞ்சு குடேன்"ன்னு சொல்லிட்டா. மாமான்னு ஒரு கெத்து வேண்டாமா? இறங்கிட்டேன்.

மூணு சொதப்பல்

முதல் தடவை ஜெலட்டின் பவுடர், அன்னாசிப்பழம். ஃப்ரிட்ஜ்ல ஆறு மணி நேரம் வச்சும் தண்ணியாவே இருந்துச்சு. காரணம் இதுதான். ஜெலட்டின் ஒரு புரதம். மாடு, பன்னி, மீனோட தோல், எலும்புல இருந்து எடுக்குறது. பச்சை அன்னாசியில புரோமெலைன்னு ஒரு என்சைம் இருக்கு. அது புரதத்தை வெட்டிப்போடும். பப்பாளியில இருக்குற பப்பைனும் அப்படித்தான். கறி வேக பப்பாளிக்காய் போடுவோம்ல, அதே வேலை. நான் ஜெல்லி கட்டுற பொருளையும் அதை வெட்டுற கத்தியையும் ஒரே பாத்திரத்துல போட்டிருக்கேன்.

ரெண்டாவது தடவை மாம்பழம். நல்லா செட் ஆச்சு. மறுநாள் டிஃபன் பாக்ஸ்ல போட்டுக்கிட்டு கோட்டைப்பட்டினத்துல இருக்குற ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனோம். மதியம் திறந்தா உள்ள மாம்பழ ஜூஸ். ஜெலட்டின் ஜெல்லி சுமாரா 30-லிருந்து 35 டிகிரிக்குள்ள உருகிடும். மே மாசத்துல நம்ம ஊர் பஸ்ஸுக்குள்ள அதை விடச் சூடு ஜாஸ்தி.

அந்த டப்பாவைப் பார்த்துச் சிரிச்சது ஃப்ரெண்டோட உம்மாதான். "நோம்பு நேரத்துல வந்திருந்தா கடல்பாசி சாப்பிட்டிருப்பீங்களே தம்பி"ன்னு சொல்லிட்டு, அலமாரியில இருந்து வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி ஒரு பாக்கெட்டை எடுத்துக் குடுத்தாங்க. கடைகள்ல சைனா கிராஸ், அகர் அகர்னு சொல்றது இதைத்தான். கடற்கரை ஊர்கள்ல நோன்பு திறக்கும்போது தேங்காய்ப்பால், ரோஸ் மில்க் ஊத்தி, துண்டு துண்டா வெட்டி வைக்கிற அதே கடல்பாசி.

வீட்டுக்கு வந்து மூணாவது தடவை. வாசனைக்காக எலுமிச்சைச் சாறையும் கடல்பாசியோட சேர்த்துக் கொதிக்க விட்டேன். கொழகொழன்னு கூழ் மாதிரி ஆயிடுச்சு. ஃபோன் பண்ணிக் கேட்டா உம்மா ஒரே வரியில பதில் சொன்னாங்க: "முதல்ல பாசி வெறும் தண்ணியில கரையணும் தம்பி. புளிப்பெல்லாம் இறக்கினப்புறம்." அதுக்குப் பின்னாடி இருக்குற சயின்ஸை நான் அப்புறம்தான் படிச்சேன். அகர், சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையா கோர்த்த நீளமான சங்கிலி. புளிப்போட சேர்த்துக் கொதிக்க வச்சா சங்கிலி துண்டு துண்டா உடைஞ்சிடும். உடைஞ்ச சங்கிலியால வலை பின்ன முடியாது. வலை இல்லன்னா ஜெல்லியும் இல்ல.

இதே பிரச்சினை 1881-லயும் இருந்துச்சு

இந்த ஜெலட்டின் பிரச்சினையில நான் முதல் ஆள் இல்லன்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. ஜெர்மனியில ராபர்ட் கோக்கோட ஆய்வகத்துல பாக்டீரியாவை ஜெலட்டின் மேலதான் வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. வெயில் காலத்துல ஜெலட்டின் உருகிடும். சில பாக்டீரியா தன்னோட என்சைமாலயே அதைக் கரைச்சிடும். என் மாம்பழமும் என் அன்னாசியும் மாதிரியே ரெண்டு பிரச்சினை.

அங்க வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸியோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, 1881-ல "அகர் போட்டுப் பாருங்க"ன்னு சொன்னாங்க. வீட்டுல ஜெல்லியும் புட்டிங்கும் செய்ய அவங்க அதைத்தான் பயன்படுத்தினாங்க. ஜாவாவுல இருந்துட்டு வந்த தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்கிட்டது. அது வேலை செஞ்சுது. 1882-ல கோக் காசநோய்க் கிருமியைப் பத்தி எழுதினப்போ அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியோட பேரைக் குறிப்பிடல. இன்னைக்கும் உலகம் முழுக்க லேப்கள்ல பெட்ரி டிஷ்ல இருக்குறது அகர்தான்.

அகரோட ஸ்பெஷல் இதுதான்: 32-லிருந்து 40 டிகிரிக்குள்ள உறையும். ஆனா உறைஞ்சதுக்கு அப்புறம் மறுபடி உருக சுமார் 85 டிகிரி வேணும். உறைய ஒரு வெப்பநிலை, உருக வேற வெப்பநிலை. அதனால ஃப்ரிட்ஜ் இல்லாமலே செட் ஆகும், மே மாச டிஃபன் பாக்ஸ்லயும் உருகாது. அது புரதமும் இல்ல, அதனால அன்னாசி, பப்பாளி எதுவும் அதைத் தொடாது. சைவம் சாப்பிடுறவங்க, ஹலால் பார்க்குறவங்க எல்லாருமே சாப்பிடலாம்.

நம்ம கடல்ல இருந்து

அகர் சிவப்புக் கடற்பாசியில இருந்து வருது. மன்னார் வளைகுடாவுல, ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கடல்ல மூழ்கி எடுக்குற மரிக்கொழுந்து பாசி அதுல ஒண்ணு. பக்கத்துல பாக் நீரிணைக் கரையில, புதுக்கோட்டை மாவட்டம் உட்பட, மூங்கில் மிதவையில கட்டி கப்பாஃபைகஸ்னு இன்னொரு பாசியை வளர்க்குறாங்க. அதுல இருந்து வர்றது அகர் இல்ல, கேராஜீனன். கடை ஜெல்லி கப் லேபிள்ல 407-னு ஒரு நம்பர் இருந்தா அது கேராஜீனன். 406 அகர், 440 பெக்டின், 425 கொன்யாக். ஜெலட்டின் போட்டிருந்தா அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இருக்கணும். இனிமே கடையில பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க.

செய்முறை: பலாச்சுளை, இளநீர்

ஆலங்குடி பக்கம் கீரமங்கலம், வடகாடு ஊர்கள்ல பலாவும் தென்னையும்தான் தோட்டமே. 2018 நவம்பர்ல கஜா புயல் அங்க எத்தனையோ மரங்களைச் சாய்ச்சுது. தப்பின மரமும் திரும்ப வச்ச மரமும் இப்போ காய்க்குது. அந்த சீசன் பழத்தை வச்சுத்தான் இந்த அளவு.

கணக்கு சிம்பிள்: ஒரு லிட்டருக்கு 10 கிராம் கடல்பாசி. அரை லிட்டருக்கு 5 கிராம், அதாவது 10 கிராம் பாக்கெட்ல பாதி.

ஒண்ணு: 5 கிராம் கடல்பாசியைக் கத்தரியால வெட்டி, 300 மில்லி தண்ணியில அரை மணி நேரம் ஊற வைங்க.

ரெண்டு: அதே தண்ணியோட அடுப்புல வச்சு, மிதமான தீயில கிளறிக்கிட்டே இருங்க. எட்டு, பத்து நிமிஷம் ஆகும். ஒரு நூல்கூடத் தெரியக்கூடாது. எல்லாரும் அவசரப்படுறது இங்கதான். கரையாத பாசி அப்புறம் பல்லுல நார் மாதிரி மாட்டும். வத்தின அளவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி சேர்த்து வடிகட்டுங்க.

மூணு: அடுப்பை அணைச்சப்புறம் 200 மில்லி இளநீர் ஊத்துங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லுன்னு இளநீர் வேண்டாம், ஊத்துன இடத்துலயே கட்டி கட்டியா உறைஞ்சிடும். எலுமிச்சை வேணும்னா இப்போ பிழிங்க.

நாலு: கொட்டை எடுத்த பத்து சுளையைப் பொடியா நறுக்கித் தட்டுல பரப்பி, மேல ஊத்துங்க. வெயில் காலத்துல தட்டை ஒரு தாம்பாளத் தண்ணியில வச்சா சீக்கிரம் உறையும். அப்புறம் வெட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாளுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க. கொஞ்சம் தண்ணி விடும், அது அகரோட சுபாவம்.

டெஸ்டிங் முக்கியம். பழம் சேர்க்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த தட்டுல விடுங்க. ரெண்டு நிமிஷத்துல உறையலன்னா, ஊற வச்ச பாசி இன்னும் கொஞ்சத்தைத் தனியாத் தண்ணியில கரைச்சுச் சேர்க்கலாம்.

ஹெல்தியா?

இங்க நேர்மையா பேசணும். அகர் பெரும்பாலும் நார்ச்சத்து, கலோரி ரொம்பக் கம்மி. ஜெல்லி கெட்டதா நல்லதான்னு முடிவு பண்றது அதுல போடுற சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டா ஹெல்தின்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. உடம்புக்கு அதெல்லாமே சர்க்கரைக் கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது: ஒரு நாளைக்கு எடுக்குற மொத்த கலோரியில 10 சதவீதத்துக்கும் கீழதான் இந்தச் சேர்த்த சர்க்கரை இருக்கணும், 5 சதவீதத்துக்குக் கீழ போனா இன்னும் நல்லது. பெரியவங்களுக்கு அது சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். தேனும், பிழிஞ்ச பழச்சாறும் அந்தக் கணக்குல வரும். முழுப் பழம் வராது.

அதனாலதான் இந்த ரெசிபியில ஜூஸ் இல்ல, பழத்துண்டு. சர்க்கரை ஒரு ஸ்பூன்கூட இல்ல. பழுத்த சுளைக்கு அது தேவையும் இல்ல. சுகர் இருக்குறவங்க மட்டும் சுளையை எண்ணிப் போடுங்க, பலா இனிப்பு ஜாஸ்தி.

இப்போ அந்த எச்சரிக்கை

நாலாவது தடவை அருமையா வந்துச்சு. சின்ன கப்புல ஊத்தி, கடை ஜெல்லி மாதிரியே பையன் கையில குடுக்கப் போனேன். ஒரு நிமிஷம் யோசிச்சேன். டிஃபன் பாக்ஸ்ல உருகாதது வாயில மட்டும் எப்படி உருகும்? உடம்புச் சூடு 37 டிகிரி, அகர் உருக 85. ஜெலட்டின் நாக்குலயே கரைஞ்சிடும். அகர் கரையாது, மென்னாதான் உடையும். உறிஞ்சி இழுத்தா முழுசா தொண்டைக்குப் போகும்.

இது வெறும் பயம் இல்ல. கொன்யாக் போட்ட மினி ஜெல்லி கப் தொண்டையில சிக்கிப் பல நாடுகள்ல குழந்தைகள் இறந்திருக்காங்க. 2001-ல அமெரிக்கா எச்சரிக்கை விட்டுது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல ஜெல்லி மிட்டாய்கள்ல கொன்யாக்கைத் தடை பண்ணுச்சு. 2004-ல மினி கப்புகள்ல அகர், கேராஜீனன் உட்பட மத்த பல ஜெல் பொருட்களையும் நிறுத்தினாங்க. பிரச்சினை அந்தப் பொருள் விஷம்ங்கிறது இல்ல. வாய் அளவு உருண்டை, வழுக்கல், உருகாத தன்மை, உறிஞ்சிச் சாப்பிடுற விதம்: இந்த நாலும் ஒண்ணா சேர்றதுதான்.

அதனால எங்க வீட்டு ரூல் இப்படி. கைக்குழந்தைக்குக் கிடையவே கிடையாது. நாலு வயசுக்குக் கீழன்னா அரை லிட்டருக்கு 5 கிராமுக்குப் பதிலா 3 கிராம் பாசி போட்டு மெதுவா செய்யணும், பழத்தை மசிச்சுப் போடணும், ஜெல்லியை ஃபோர்க்கால உதிர்த்து ஸ்பூன்ல குடுக்கணும். உக்காந்துதான் சாப்பிடணும்; ஓடிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, கார்ல போய்க்கிட்டு வேண்டாம். பக்கத்துல பெரியவங்க இருக்கணும். பெரிய பசங்களுக்கும் உருண்டை அச்சு, சின்ன கப் வேண்டாம். தட்டுல ஊத்தி மெல்லிசா வெட்டிக் குடுங்க.

அக்கா பையன் உதிர்த்த ஜெல்லியைப் பார்த்து முதல்ல மூஞ்சியைச் சுளிச்சான். "கப்புல வேணும்"னு ஒரு அழுகை. அப்புறம் ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டு, "மாமா, பலாப்பழம் நடுங்குது"ன்னான். கிண்ணம் காலி.

இந்த வாரம் உங்க ஊர்ல என்ன பழம் மலிவா கிடைக்குதோ அதை வச்சு செஞ்சு பாருங்க. கொய்யா, பப்பாளி, மாம்பழம் எதுவா இருந்தாலும் பாசி முதல்ல வெறும் தண்ணியில கரையணும், அது மட்டும் மறக்காதீங்க. வீட்டுல சின்னப் பிள்ளை வச்சிருக்குற யாருக்காவது இந்த எபிசோடை அனுப்பணும்னா, கடைசிப் பகுதியை முதல்ல கேக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.