பன்னிரண்டு வருஷத்து நாவல்

ஒரே நாவலைப் பன்னிரண்டு வருஷம் அடித்துத் திருத்தி எழுதியவர் யார் தெரியுமா, நேயர்களே? நம்ம பாலக்காட்டுக்காரர், மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன்!

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக் கிராமம். அங்கே ஓராசிரியர் பள்ளியில் அவருடைய சகோதரிக்கு வேலை. கூட வந்து தங்கிய விஜயன், வாத்தியார் ஒருவர் ஊருக்கு வந்து புரட்சி செய்கிற கதையைத்தான் முதலில் யோசித்தார். அந்த நேரத்தில் ஹங்கேரி மக்களின் எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கின. இடதுசாரி நம்பிக்கை கொண்டிருந்த விஜயனுக்கு மனம் கசந்துபோனது, கதையின் போக்கையே மாற்றிவிட்டார். புரட்சி போனது, பனங்காடும் காற்றும் ஊர்க்கதைகளும் உள்ளே வந்தன. நல்லவேளை!

அதுதான் 1969-இல் புத்தகமான ‘கசாக்கின் இதிகாசம்’. தமிழில் யூமா வாசுகி மொழிபெயர்த்திருக்கிறார். நூலகத்தில் கண்ணில் பட்டால் விட்டுடாதீங்க!