யோசனை கூடிப்போச்சு, டொக்டர்

மனசுக்கு மருந்து – 11

பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “உடம்பு, மனசு, குடும்பம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற மனநல டொக்டர்மார் இருக்காங்களாமே. அங்க போனா என்ன செய்வாங்க? கரண்ட் வைப்பாங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் யாரும் கரண்ட் வைப்பதில்லை. கடும் நோய் உள்ள சிலருக்கு மட்டும், சம்மதம் பெற்று, மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சிகிச்சை அது. முதல் நாள் நடப்பதெல்லாம் பேச்சுத்தான்.

அந்தப் பேச்சில்தான் நம் ஆட்கள் தோற்றுப்போகிறார்கள். கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கண்டது இது. தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய், பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு பன்னிரண்டு வயது மகள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. “ரொம்ப யோசனையா இருக்கு. நெஞ்சுக்குள்ள என்னமோ ஒக்காந்துகிட்ட மாதிரி” என்றார் தாய். மகள் ஒரு கணம் யோசித்துவிட்டு, அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று சிங்களத்தில் சொன்னாள். ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. விட்டமின் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: “அவங்க அப்பா குடிச்சிட்டு வந்து செய்யிறத இந்தப் புள்ள வாயால எப்படிச் சொல்ல வைக்கிறது?”

இத்தனைக்கும் ‘யோசனை’ என்ற அந்தச் சொல் சிங்களத்தில் இல்லாமல் இல்லை. ‘கல்பனா வெடி’ என்று அவர்களும் அதே பொருளில் சொல்வார்கள். பெரியவர் ஒருவர் கூட இருந்திருந்தால் யோசனை யோசனையாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

பேராதனையில் படித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்தச் சொல் சிக்கலை வேறொரு பக்கமிருந்து பார்த்தார். வாழ்வே துக்கம் என்று நினைக்கும் ஒருவரை மேற்கத்திய மருத்துவம் மனச்சோர்வு நோயாளி என்று எழுதிவிடலாம். அவருடைய ஊரில் அவர் நல்ல பௌத்தர். ஒரே சொல் ஓரிடத்தில் நோய்க்குறியாகவும் இன்னோரிடத்தில் ஞானமாகவும் நிற்கிறது. ஆளையும் ஊரையும் தெரிந்துகொள்ளாமல் எது எதுவென்று பிரிக்க முடியாது. அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் எங்கல் 1977இல் உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியதும் இதைத்தான். வாசகி கேட்கும் அப்படியான டொக்டருக்கு இலங்கையில் ‘முழுமை மனநல மருத்துவர்’ என்று தனிப் பட்டம் எதுவும் கிடையாது. நல்ல மனநல வைத்திய நிபுணர் எல்லோரும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் பலகை மாட்டியிருப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை போதனா வைத்தியசாலைக்கு ஒரே பஸ். அங்கோ வேறு கிளினிக்குக்கோ போனால் தூக்கம், பசி, வேலை, கடன், வீட்டில் யார் யார், மாதவிடாய், குடி எல்லாவற்றையும் கேட்பார்கள். சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, உள்ளதைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதே இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணும் இருக்கிறது.

இரத்தம் எடுத்தால் பதற வேண்டாம். தைரொய்ட் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே உடம்பு தளரும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். குமட்டல் முதலில் வரும், நிம்மதி பிறகுதான் வரும். நம்மில் பலர் இந்த இடைவெளியில்தான் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கோவிலுக்கு நேர்ந்ததை, கயிறு கட்டியதை, குறி கேட்டதை மறைக்கவும் வேண்டாம். பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில், 1344இல் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரையில் புத்தருக்கும் விஷ்ணுவுக்கும் சேர்ந்தே இடம் இருக்கிறது. இந்த மண்ணில் நோயாளி இரண்டு வாசலில் நிற்பது டொக்டருக்குப் புதிதில்லை. ஆனால் கஷாயம், லேகியம், அரிஷ்டம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அமுக்கரா தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம். தைரொய்ட் அளவையும் அது மாற்றக்கூடும். “மாத்திரையெல்லாம் இன்றைக்கே நிறுத்து, மூலிகை போதும்” என்று முதல் நாளே சொல்பவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

அந்தத் தாயின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று துண்டு எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை. யாரும் இல்லையென்றால் இரண்டு மொழியும் தெரிந்த, நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.